ஒரு சாண் தூரம் எனக்கு வேணும்

என் கண்ணு என்னோடது இல்ல, ஊருக்கே பொதுவுன்னு போன வருஷம்தான் எனக்குத் தெரிஞ்சுது. ராயப்பேட்டையில எங்க சந்துல யாரு வேணா வந்து என் கண்ணைப் பத்திப் பேசலாம். பால் போடறவரு பேசலாம், மேல்வீட்டம்மா பேசலாம், பார்சல் குடுக்க வந்த ஆளுகூட, "இன்னாக்கா, கண்ணாடி தடியாய்க்கினே போவுது?"ன்னு கேக்கலாம். நான் மட்டும் வாயைத் தொறக்கக் கூடாது. தொறந்தா, "இவளுக்கு மூக்கு மேல கோவம்"னு பேரு.

கோவம் வராம இன்னா பண்ணும்? நீங்களே சொல்லுங்க.

நான் ஆரி வேலை செய்யறவ. கல்யாணப் பொண்ணுங்க போடற ப்ளவுஸ் இருக்கே, கழுத்துல மயிலு, கையில யானை, முதுகுல பல்லக்குன்னு தங்க நூலும் கல்லும் மணியுமா ஜொலிக்கும், அது. மரச்சட்டத்துல துணிய இறுக்கிக் கட்டி, மேல ஒரு கையில கொக்கி ஊசி, அடியில ஒரு கையில நூலு. மயிலாப்பூரு, அபிராமபுரம், அடையாறுன்னு பல இடத்து டெய்லருங்க எங்ககிட்ட துணி அனுப்புவாங்க. எங்ககிட்டன்னா, நானும் பக்கத்து வீட்டு பாயம்மாவும். சட்டத்துக்கு அந்தப் பக்கம் அவங்க, இந்தப் பக்கம் நான். என் பொண்ணு ஸ்கூலுக்குப் போய்க்கினு இருந்த காலத்துலேர்ந்து இப்படித்தான் ஒக்காந்துக்கினு இருக்கோம்.

எனக்குச் சின்ன வயசுலயே கண்ணாடி. கண்ணாடி இல்லன்னா எதிர்ல வர்றது பஸ்ஸா தண்ணி லாரியான்னு தெரியாது. ஆனா அதே கண்ணாடியக் கழட்டி வெச்சுட்டு, மூக்குலேர்ந்து ஒரு சாண் தூரத்துல துணிய வெச்சா, நூலுல இருக்கற முறுக்குகூட எனக்குத் தெரியும். வயசு ஐம்பதைத் தாண்டியும் வெறுங்கண்ணால ஊசி கோக்கறவ எங்க சந்துல நான் ஒருத்திதான். பாயம்மாவுக்கு அப்படியே தலைகீழ். தெருமுனையில திரும்பற பஸ்ஸோட நம்பரைப் படிச்சிடுவாங்க, கையில ஊசியக் குடுத்தா கண்ணாடியத் தேடுவாங்க. பஸ் ஸ்டாப்புல அவங்க எனக்குக் கண்ணு, சட்டத்துல நான் அவங்களுக்குக் கண்ணு. நல்லாத்தான் போய்க்கினு இருந்துச்சு.

அப்பத்தான் அபிராமபுரத்துலேர்ந்து ஒரு அம்மா வந்தாங்க. பொண்ணு கல்யாணத்துக்கு ப்ளவுஸ் குடுத்திருந்தாங்க. வேலை எப்படி நடக்குதுன்னு நேர்ல பாக்கணுமாம். மெட்ரோக்காரங்க ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கறதால காரு உள்ள வரல. வெயில்ல நடந்து வந்த கடுப்பு வேற அவங்களுக்கு. உள்ள வந்து பாக்கறாங்க, நான் கண்ணாடியத் தலைமேல தூக்கி வெச்சுக்கினு, மூக்கு துணியில இடிக்கற மாதிரி குனிஞ்சு ஊசி போட்டுக்கினு இருக்கேன்.

"ஏம்மா, கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"நல்லாத் தெரியுதும்மா."

"தெரிஞ்சா ஏன் இப்படி மோந்து பாக்கறீங்க? அந்தக் கண்ணாடியப் போட்டுக்கிட்டுச் செய்யுங்களேன்."

"கண்ணாடி போட்டா கிட்டக்கத் தெரியாதும்மா."

அவங்க என்னைப் பாத்த பார்வை இருக்கே! கண்ணாடி போட்டா தெரியாது, கழட்டினா தெரியும்னா எவ நம்புவா? பாதி மயிலோட துணிய அவுத்து எடுத்துக்கினு போயிட்டாங்க. சாயங்காலம் டெய்லர் போன் பண்ணி, "கொஞ்ச நாளு ரெஸ்ட் எடுங்கக்கா"ன்னாரு. எங்க தொழில்ல ஒரு வாய் சொன்னா நாலு வீட்டுக்குப் போயிடும். கார்த்திகை பொறந்தா சட்டத்துல துணி வரிசை கட்டி நிக்கும். அந்த வருஷம் காலியா கெடந்துச்சு. கட்டியிருந்த ஒரே துணி என் பொண்ணோட கல்யாண ப்ளவுஸ். தை மாசம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் புனேயில வேலை, இவளும் அங்கதான் போகப் போறா. அந்த ப்ளவுஸை வேற ஒருத்தி கை தொடக்கூடாதுன்னு நான் ஒரே பிடியா இருந்தேன்.

உண்மையச் சொல்லிடறேன். கொஞ்ச நாளாவே எனக்கு வெளிச்சம் பத்தல. ட்யூப் லைட்டு சரியில்லன்னு மாத்தினேன். சட்டத்துக்கு மேல தனியா ஒரு பல்பு கட்டினேன். நூலுக்காரன் ஏமாத்தறான், சாயம் மட்டம்னு கடையில போயி சண்டை போட்டேன். ஆறு மாசத்துக்கு ஒரு தரம் கண்ணாடிக்கடைக்காரரு பவரை ஏத்திக்கினே போனாரு. உலகத்துல இருக்கற எல்லாத்து மேலயும் சந்தேகப்பட்டேன், என் கண்ணைத் தவிர.

சந்துக்காரங்க சும்மா இருப்பாங்களா? "பொன்னாங்கண்ணிக் கீரை சாப்பிடு"ன்னாங்க மேல்வீட்டம்மா. சாப்பிட்டேன். கீரைக்காரம்மாவுக்குத்தான் சந்தோஷம். "கேரட் ஜூஸ் குடி"ன்னா ஒருத்தி. குடிச்சேன், வயிறு கெட்டுப் போச்சு. என் வீட்டுக்காரரு ஆட்டோ ஓட்டறவரு. சவாரி வந்த யாரோ ஒரு பெரிய மனுஷன் சொன்னாராம், விளக்கெண்ணெய ரெண்டு சொட்டு கண்ணுல விட்டா பார்வை திரும்பிடுமாம். "மொதல்ல உங்க ஆட்டோ டேங்குல ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்க, ஓடுதான்னு"ன்னேன். அன்னிக்குப் பூரா மனுஷன் எங்கிட்ட பேசல. போன்ல வேற ஒருத்தன், கண்ணை மேலயும் கீழயும் சுத்தினா கண்ணாடியத் தூக்கிப் போட்டுடலாம்னு பாடம் நடத்தறான். சொல்றவனே கண்ணாடி போட்டுக்கினு கீறான்! ஆயிரம் பேரைக் கொன்னவன் அரை வைத்தியன்னு சொல்லுவாங்க. அந்தக் கணக்குப் பாத்தா எங்க சந்துல முழு வைத்தியருங்களுக்குப் பஞ்சமே இல்ல.

இவங்க எல்லாரையும்கூடச் சமாளிச்சிடுவேன். என் பொண்ணை எப்படிச் சமாளிக்கறது? அவளும் எனக்குப் பொறந்தவதானே, அவளுக்கும் கண்ணாடி இருந்துச்சு. முந்தின வருஷம் லேசர் பண்ணிக்கினா. மறுநாள் காலையில எழுந்து ஒக்காந்து, "அம்மா! சுவத்துக் கடிகாரம் தெரியுதும்மா!"ன்னு ஒரு கத்து கத்துனா பாரு, பாயம்மா அவங்க வீட்டுலேர்ந்து ஓடி வந்துட்டாங்க. அன்னிலேர்ந்து அவளுக்கு அதே பேச்சு. பழைய மகாபலிபுரம் ரோட்டுல இருக்கற அவ ஆபீஸுக்குப் போற பஸ்ஸுல, கண்ணாடி போட்டவங்க யாரு பக்கத்துல ஒக்காந்தாலும் புடிச்சுக்குவா. மதம் மாறினவங்க தோத்துடணும், அப்படி ஒரு பிரச்சாரம்.

"நீயும் பண்ணிக்கோம்மா. பத்து நிமிஷ வேலை. கல்யாணத்துல ஃபிளாஷ் அடிச்சா உன் கண்ணாடிதான் போட்டோல தெரியும், நீ தெரிய மாட்ட."

"அன்னிக்கு உன்னைப் பாப்பாங்களாடி, என்னையப் பாப்பாங்களா?"

"கல்யாணத்துக்குள்ள முடிச்சிடணும்மா. நான் ஊருக்குப் போறதுக்குள்ள."

"உனக்கு இன்னாடி அவசரம்?"

"அவசரம்தான்."

அவ்ளோதான் சொன்னா. எனக்குப் பத்திக்கினு வந்துச்சு. கண்ணாடி போட்ட அம்மா மேடையில நின்னா இவளுக்கு மானம் போவுது போலன்னு நெனச்சேன். வாய்விட்டும் சொல்லிட்டேன். அவ செருப்பை மாட்டிக்கினு ஆபீஸுக்குக் கெளம்பிட்டா.

ரெண்டு நாள் கழிச்சு வேற வழியா வந்தா. லேசர் வேணாம், மொதல்ல காண்டாக்ட் லென்ஸ் போட்டுப் பாரு, கண்ணாடி இல்லாம இருக்கறது எப்படி இருக்குன்னு உனக்கே தெரியும்னா. சரி, ஒழியட்டும்னு தி.நகருக்குப் போனோம். பாண்டி பஜார்ல ஒரு கண்ணாடிக்கடை. அங்க இருந்த பொண்ணு விரல் நுனியில மீன் செதிலாட்டம் ஒண்ணை வெச்சுக்கினு, "கண்ணைத் தொறங்க ஆன்ட்டி"ங்கறா. நான் தொறந்தாலும் கண்ணு தொறந்தாத்தானே! விரல் கிட்ட வந்தா இமை தானா மூடிக்குது. அவ சிரிக்கறா, என் பொண்ணு சிரிக்கறா, எனக்கு மூக்குல தண்ணி ஊத்துது. கடைசியில எப்படியோ ரெண்டையும் உள்ள ஏத்திட்டா.

வெளிய வந்தோம். பொய் சொல்லக் கூடாது, ஆடிப் போயிட்டேன். எதிர் கடைப் பலகையில எழுத்து எழுத்தாத் தெரியுது. மரத்துல இலை தனித்தனியாத் தெரியுது. காதுமேல கனமில்ல, மூக்குல தழும்பு அமுக்கல. "எப்படி?"ன்னு கேட்டா என் பொண்ணு. "ம்"னேன். அதுக்கே அவ மூஞ்சியில அவ்ளோ சந்தோஷம், நடைபாதையில நிக்க வெச்சு என்னைய போட்டோ எடுத்தா.

அந்தச் சந்தோஷம் வீடு வரைக்கும்தான். மத்தியானம் சங்கரா மீன் குழம்பு. தட்டுல முள்ளு எது, சதை எதுன்னு தெரியல. தடவித் தடவித் திங்கறேன், குருடி மாதிரி. சாப்பிட்டு வந்து சட்டத்துல ஒக்காந்தா, ஊசி முனையைக் காணோம். துணிய ஒரு சாண்ல வெச்சா மங்கல். கைய நீட்டி வெச்சா இன்னும் கொஞ்சம் தெரியுது, ஆனா அவ்ளோ தூரத்துல மணியோட ஓட்டையா தெரியும்? பாயம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்க. "வா தங்கச்சி வா, நீயும் என் கட்சிக்கு வந்துட்டியா?"ன்னு தன்னோட கண்ணாடியக் கழட்டி என் மூக்குல மாட்டி விட்டாங்க. அப்பத்தான் ஊசி தெரிஞ்சுது. கண்ணாடிய ஒழிக்கறதுக்குக் கண்ணுக்குள்ள ஒரு கண்ணாடி, அது மேல பாயம்மாகிட்ட கடன் வாங்கின கண்ணாடி! எனக்கு வந்த ஆத்திரத்துல அங்கியே ஒக்காந்து லென்ஸைப் புடுங்கினேன். ஒண்ணு விரல்ல வந்துச்சு. இன்னொண்ணு நழுவி மடியில இருந்த ஜமிக்கித் தட்டுல விழுந்துச்சு.

அந்தத் தட்டுல அன்னிக்கு இருந்தது பூரா கண்ணாடி ஜமிக்கி. கலரே இல்லாம, வட்டமா, மெல்லிசா, பளபளன்னு. அதுல போயி லென்ஸைத் தேடு! என் பொண்ணு முட்டி போட்டுக்கினு தேடறா, பாயம்மா தன்னோட கண்ணாடியத் திரும்ப வாங்கி மாட்டிக்கினு தேடறாங்க. "இதாம்மா?" "அது ஜமிக்கி." "இது?" "அதுவும் ஜமிக்கிதான், வைடி கீழ." பொழுது போனதுதான் மிச்சம். நான் தேடறதை விட்டுட்டு வேலையப் பாக்க ஆரம்பிச்சேன். என் பொண்ணு ப்ளவுஸ் கையில ஒரு மாங்காய் டிசைனுக்கு ஜமிக்கி வெச்சுக்கினு வர்றேன். ஒண்ணை ஊசியால குத்தி எடுக்கப் பாக்கறேன், வரவே மாட்டேங்குது. ஓட்டையத் தேடறேன், ஓட்டையே இல்ல. எந்த மடையன்டா ஓட்டை போடாம ஜமிக்கி விக்கறான்னு திட்டிக்கினே விரல்ல எடுத்துப் பாத்தா, காஞ்சு அப்பளமாப் போன என் லென்ஸ். இன்னும் ஒரு குத்து பலமாக் குத்தியிருந்தா என் பொண்ணு மணமேடையில என் லென்ஸைக் கையில தைச்சுக்கினு ஒக்காந்திருப்பா.

அந்த வழி அத்தோட மூடிப் போச்சு. ஆனா அவ விடறவளா? லேசர்ல அந்தத் தொல்லை இல்லம்மா, டாக்டர்கிட்டயே கேப்போம்னு அடையாறு பக்கம் ஒரு பெரிய கண்ணாஸ்பத்திரிக்கு இழுத்துக்கினு போனா. ஏசி, சோபா, காபி மெஷின்னு கல்யாண மண்டபமாட்டம் இருந்துச்சு. சொட்டு மருந்து விட்டு, "கண்ண மூடிக்கிட்டு உக்காருங்க"ன்னு வரிசையா ஒக்கார வெச்சாங்க. என்னைய மாதிரியே பத்து பேரு கண்ண மூடிக்கினு ஒக்காந்திருக்கோம், தியான வகுப்பு மாதிரி. அப்புறம் ஒரு லேடி டாக்டர் மெஷின்ல தாடைய வெக்கச் சொல்லி, வெளிச்சத்தை அடிச்சு ரொம்ப நேரம் பாத்தாங்க.

"உங்களுக்கு லேசர் பண்ணிப் பிரயோஜனம் இல்லம்மா. லேசர் கண்ணோட முன்பக்கத்தைத்தான் சரி பண்ணும். உங்களுக்கு உள்ள இருக்கற லென்ஸே மங்கிப் போயிருக்கு. ரெண்டு கண்ணுலயும் புரை. அதனாலதான் பவர் மாறிக்கிட்டே இருக்கு."

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. புரைங்கறது கிழவிங்களுக்கு வர்றது இல்லியா? என் பொண்ணு மூஞ்சி சுருங்கிப் போச்சு. டாக்டர் சமாதானமாத்தான் சொன்னாங்க. புரையை எடுத்துட்டு உள்ள புது லென்ஸ் வெப்பாங்களாம், அதுலயே பவரும் சேர்ந்து சரியாயிடுமாம். அதைக் கேட்டதும் இவளுக்கு உசுரு வந்துடுச்சு. "பாத்தியாம்மா, ரெண்டும் ஒண்ணாவே முடிஞ்சுடும். அப்புறம் உனக்குக் கண்ணாடியே வேணாம்!"

வீட்டுக்கு வந்து பாயம்மாகிட்ட சொன்னேன். ஐயோன்னு பதறுவாங்கன்னு பாத்தா, தலையக் குனிஞ்சுக்கினு நூலைச் சுத்திக்கினு இருந்தாங்க. எனக்குச் சந்தேகம் வந்துச்சு.

"இன்னா பாயம்மா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"புரைன்னு தெரியாது. ஆனா உனக்குக் கலரு தெரியலன்னு தெரியும். கருநீலம் வெக்கற எடத்துல கருப்பை வெச்சிடுவ. வெள்ளைக்குப் பதிலா சந்தனக் கலர வெப்ப. நீ சோறாக்கப் போனப்புறம் நான் பிரிச்சுட்டு மாத்தித் தைச்சிடுவேன்."

"எவ்ளோ நாளா?"

"ஆடி மாசத்துலேர்ந்து."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ விடுவியா? நூலுக்கடைக்காரனை என்னா பாடு படுத்தின! என்னையும் கடிச்சுத் தின்னிருப்ப."

எனக்கு அழுகையும் கோவமும் ஒண்ணா வந்துச்சு. நான் போட்ட தையலை எனக்குத் தெரியாம ஒருத்தி பிரிச்சுக்கினே இருந்திருக்கா, நான் ஊரையே திட்டிக்கினு இருந்திருக்கேன். அன்னிக்குப் பூரா பாயம்மாகிட்ட பேசல. மறுநாள் நானே போயி டீ குடுத்தேன். வேற எங்க போறது?

அப்ப அவங்கதான் ஒண்ணு சொன்னாங்க. அவங்களுக்கும் முன்னாடி புரை ஆபரேஷன் ஆனதுதான். "ஆஸ்பத்திரியில ஒண்ணும் கேக்க மாட்டாங்க, தூரத்துக்குத்தான் வெப்பாங்க. எனக்கு அப்படித்தான் வெச்சாங்க. தூரத்துக் காக்கா மூக்கு தெரியுது, கையில இருக்கற ஊசி தெரியல. எனக்குப் பரவால்ல, முன்னாடியும் அப்படித்தான். உனக்கு வெச்சா நீ என்ன பண்ணுவ?"

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனப்ப நான் சண்டைக்குத் தயாராப் போனேன். லென்ஸ் பத்தி விளக்கறதுக்குன்னு ஒரு பொண்ணு தனி ரூமு போட்டு ஒக்காந்திருந்துச்சு. பளபளன்னு படம் போட்ட அட்டையக் காட்டி, "இது தூரத்துக்கு மட்டும். இது தூரம், நடுவுல, கிட்டக்க மூணும் தெரியும், ஆனா ராத்திரி லைட்டைச் சுத்தி வளையம் மாதிரி தெரியலாம்"னு மனப்பாடமா ஒப்பிச்சுது.

"கிட்டக்க மட்டும் தெரியற மாதிரி இல்லியாம்மா?"

அது என்னைய ஏற எறங்கப் பாத்துச்சு. "எல்லாருக்கும் தூரத்துக்குத்தான் மேடம் வெப்போம்."

"எனக்குக் கிட்டக்க வைங்க. தூரத்துக்கு நான் கண்ணாடி போட்டுக்கறேன்."

"கண்ணாடி வேணாம்னுதானே மேடம் எல்லாரும் வர்றாங்க?"

"புரை போவணும்னு நான் வந்தேன். கண்ணாடி என்னைய இன்னா பண்ணுச்சு?"

"இந்த மூணும் தெரியறது வெச்சா பேப்பர்கூடப் படிக்கலாம் மேடம்."

"பேப்பரா தைக்கறேன் நானு? ஒரு சாண்ல வெச்சா மணியோட ஓட்டை தெரியுமா, அதைச் சொல்லு."

பாவம், அதுக்குத் தெரியல. என் பொண்ணு என் கையப் புடிச்சு வெளிய இழுத்துக்கினு வந்துட்டா. அங்க காபி மெஷின் பக்கத்துல வெச்சு எங்க ரெண்டு பேருக்கும் ரகளை.

"ஏம்மா இப்படி மானத்த வாங்கற? ஆபரேஷன் பண்ணிட்டும் திரும்ப இந்த சோடாபுட்டியத்தான் போட்டுக்குவேன்னு யாராவது அடம் பிடிப்பாங்களா?"

"நான் பிடிப்பேன். இந்தக் கண்ணால சோறு தின்ன குடும்பம்டி நம்ப குடும்பம். உன் ப்ளவுஸ் பாதியில நிக்குது."

"ப்ளவுஸ் ப்ளவுஸ்! வெளியில குடுத்துக்கலாம்னா கேக்க மாட்ட. கிட்டக்கன்னா சாதாரணக் கண்ணாடி போட்டுக்கிட்டு பாயம்மா தைக்கல?"

"பாயம்மா வேற, நான் வேற. அவங்க ஆரம்பத்துலேர்ந்து அப்படியே பழகினவங்க. இந்த ஒரு சாண்ல நான் பாத்த மாதிரி உலகத்துல எவளும் பாத்திருக்க மாட்டா. அதைப் புடுங்கிட்டு மரத்து இலைய எண்ணிக்கினு ஒக்காருன்னா எப்படிடி?"

சோபாவுல இருந்தவங்கள்லாம் மூடின கண்ணோடயே எங்க பக்கம் திரும்பிட்டாங்க. நர்ஸு வந்து டாக்டர் ரூமுக்குள்ள தள்ளி விட்டுச்சு. நல்லவேளை, டாக்டரம்மா காது குடுத்துக் கேட்டாங்க. "எவ்வளவு கிட்ட வெச்சுத் தைப்பீங்க, காட்டுங்க"ன்னாங்க. நான் கண்ணாடியக் கழட்டிட்டு, மூக்குக்கு முன்னாடி கைய வெச்சுக் காட்டினேன். அவங்க சிரிக்கல. "நீங்க கேக்கறதுல தப்பே இல்ல. நகை வேலை செய்யறவங்ககூட இப்படிக் கேப்பாங்க. ஒரு கண்ணுக்கு இப்பப் பண்ணுவோம், நீங்க சொல்ற மாதிரியே கிட்டக்க. இன்னொரு கண்ணுக்கு எப்படி வெக்கறதுன்னு அப்புறம் முடிவு பண்ணலாம். ரெண்டுக்கும் ரொம்ப வித்தியாசம் இருந்தா தலை சுத்தும், அதைப் பாத்துத்தான் பண்ணணும்"னாங்க.

இவ உடனே, "அந்தக் கண்ணாவது தூரத்துக்கு வைங்க டாக்டர்"னா.

"அதுவும் கிட்டக்கத்தான்"னேன் நான்.

டாக்டரம்மா பேனாவ மூடி வெச்சுட்டு, "வீட்டுல பேசிட்டு வாங்க"ன்னாங்க. வீட்டுல இன்னா பேசறது? ஆபரேஷன் அன்னிக்கு வரைக்கும் அரைச்ச மாவையே அரைச்சோம். அவ தூரம்பா, நான் கிட்டக்கம்பேன். வீட்டுக்காரரு ஆட்டோவ எடுத்துக்கினு வெளியவே சுத்திக்கினு இருந்தாரு.

ஆபரேஷன் ஒண்ணும் பெருசா இல்ல. மேல வெளிச்சம் ஒண்ணு ஆடுச்சு, தண்ணி ஓடற மாதிரி இருந்துச்சு, முடிஞ்சுதுன்னாங்க. மறுநாள் காலையில கட்டைப் பிரிச்சாங்க. மொதல்ல தூரத்துல இருக்கற எழுத்தைப் படிக்கச் சொன்னாங்க. பெரிய எழுத்து ஒண்ணு தெரிஞ்சுது, மத்தது கலங்கல். பக்கத்துல நின்ன என் பொண்ணு, "நான் சொன்னேன்ல?"ன்னு பெருமூச்சு விட்டா. அப்புறம் கையில சின்ன அட்டையக் குடுத்தாங்க. பொடி எழுத்து, கடைசி வரி. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும் பாருங்க, அதைக் கடகடன்னு படிச்சேன். நர்ஸே, "சூப்பரா படிக்கறீங்களேம்மா"ன்னா. எனக்கு வந்த தெனாவெட்டுல இவ பக்கம் திரும்பி, "கேட்டுக்கோ"ன்னேன்.

மருந்து விட நர்ஸு கத்துக் குடுத்துட்டுப் போச்சு. என் பொண்ணுதான் வீட்டுல விடணும், பழகிக்கட்டும்னு பாட்டிலை அவ கையில குடுத்தாங்க. அவ என் எதிர்ல குனிஞ்சு, என் கன்னத்தைப் புடிச்சு, மூஞ்சிகிட்ட மூஞ்சிய வெச்சா. ஒரு சாண்.

நான் அவளைப் பாத்தேன். எத்தினி மாசம் கழிச்சு பாக்கறேன்! இத்தினி நாளா நான் பாத்துக்கினு இருந்தது புகைக்குள்ள நிக்கற ஒரு பொண்ணைன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. கண்ணுக்குக் கீழ கருவளையம். உதடு வெடிச்சிருக்கு. கன்னம் ஒட்டிப் போயி எலும்பு தெரியுது. கல்யாணப் பொண்ணு மூஞ்சியா இது? கண்ணு ரெண்டும் அழுது அழுது வீங்கின கண்ணு. பெத்தவளுக்குத் தெரியாதா?

"இன்னாடி இது? இன்னாடி இப்படி இளைச்சுப் போயிருக்க? எத்தினி நாளா இப்படி?"

"ஒண்ணுமில்ல, ஆடாத, மருந்து விடணும்."

"மருந்தைக் கீழ வை. தூங்கறியா இல்லியா நீ? அவன் ஏதாச்சும் சொன்னானா? கல்யாணம் புடிக்கலியா?"

"அதெல்லாம் இல்லம்மா. அவர் நல்லவருதான்." பாட்டிலை மூடினா, தொறந்தா, திரும்ப மூடினா. "உனக்குத் தெரியாதுன்னு தைரியமா இருந்தேன். வீட்டுலயே உக்காந்து அழுதாக்கூட உனக்குத் தெரியாதுன்னு."

"எதுக்குடி அழுத?"

"ரோட்டுல உன்னைய யாரு பாத்துப்பாங்கன்னுதான்." அவ்ளோதான், பொலபொலன்னு கொட்டிட்டா. "கண்ணாடிய எங்கியாவது வெச்சுட்டு வெறுங்கண்ணோட கெளம்பிடற. அன்னிக்கு அந்த மெட்ரோ பள்ளத்துக்கிட்ட லாரி வர்றதே தெரியாம கால வெச்சியே, நான் இழுக்கலன்னா? புனேயில உக்காந்துக்கிட்டு நான் தெனமும் அதையேதான் நெனப்பேன். போட்டோவுக்காகச் சொல்றேன்னு நெனச்சுட்டல்ல நீ?"

லாரி விஷயம் எனக்கு ஞாபகமே இல்ல. எனக்குத் தெரிஞ்சு அவ அன்னிக்குச் சும்மா என் கையப் புடிச்சு இழுத்தா, நான் அதுக்கும் அவளைத் திட்டினேன்.

ஆபரேஷன் ஆன கண்ணுல தண்ணி படக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்காங்க. அழக்கூட வழியில்ல, சனியன். அவ மூஞ்சிய என் முந்தானையால தொடச்சேன். நர்ஸு எட்டிப் பாத்துட்டு, "டாக்டர் கேக்கறாங்க, அடுத்த கண்ணைப் பத்தி முடிவு பண்ணிட்டீங்களா?"ன்னுச்சு.

"பண்ணியாச்சும்மா"ன்னேன். "இந்தக் கண்ணு எனக்கு. அந்தக் கண்ணை ரோட்டுக்கு வெச்சிடச் சொல்லு. லாரி வர்றது தெரிஞ்சாப் போதும்."

"தலை சுத்தும்னு டாக்டர் சொன்னாங்களேம்மா?"ன்னா என் பொண்ணு, மூக்கை உறிஞ்சிக்கினே.

"சுத்தட்டும். நீ மொதல்ல ஒழுங்காத் தூங்கு."